தொட்டில் வைத்தோம், தாயை எங்கே வைத்தோம்?

1992-ஆம் ஆண்டு சேலத்தில் தமிழக அரசு ஒரு தொட்டிலை வைத்தது. வேண்டாம் என்று வீட்டார் முடிவு செய்த பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள். இங்கே கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, முகம் காட்ட வேண்டியதில்லை, அரசு வளர்த்துக்கொள்ளும் என்பதே அத்தொட்டிலின் பொருள். தொட்டில் குழந்தைத் திட்டம் எனப் பெயர் பெற்ற அது, 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும், 2011-இல் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் பரவியது. அத்தொட்டிலில் கிடந்து உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆகவே தொட்டிலைப் பழித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் உயிரைக் காத்த எதையும் பழிக்க நமக்கு உரிமையில்லை.

ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. குழந்தையைக் கிடத்திவிட்டு இருட்டில் திரும்பி நடந்தாளே, அவள் எங்கே போனாள்? பேறு முடிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆனவள்; உதிரம் இன்னும் நிற்காதவள்; மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் கண்டிருக்கக்கூடியவள். எந்த வீட்டில் அந்த முடிவு எடுக்கப்பட்டதோ அதே வீட்டிற்குத்தான் அவள் திரும்பினாள். ஆண் குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்பதால் அடுத்த ஆண்டே மீண்டும் கருவுற்றிருக்கவும் கூடும். தொட்டில் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேளாமையே அதன் சிறப்பு என்று எண்ணினோம். அவளைக் காப்பதற்காகத்தான் அவளுடைய பெயர் வேண்டாம் என்று சொன்னோம். நாளடைவில் அவளே வேண்டாம் என்பதாக அது முடிந்துவிட்டது.

தாயைப் பற்றி நாம் பேசாமல் இருந்தோம் என்று சொல்ல முடியாது. பேசினோம், ஏசினோம். 1986-இல் 'இந்தியா டுடே' இதழ் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. பின்னர் சேலமும் தருமபுரியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பிறந்து சில நாள்களுக்குள் இறந்த பெண் குழந்தைகளின் பெயருக்கு நேரே, ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில், இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் 'சமூகக் காரணம்' என்று எழுதிவைத்தார்கள். கள்ளிப்பால், எருக்கம்பால், தொண்டையில் நெல்மணி என்று ஊரெல்லாம் பேசிய செய்தி, அரசுப் பதிவேட்டில் இரண்டு சொற்களில் அடங்கிற்று. மேடைகளிலோ, நம் மறையுரைகள் உட்பட, 'இவளும் ஒரு தாயா' என்ற வினாதான் ஒலித்தது. பேறு முடிந்த மறுநாள் எழுந்து நிற்கவே வலுவற்றவள் அந்த வீட்டில் எதை முடிவு செய்ய முடியும் என்பதைக் கேட்டவர் சிலரே. வரதட்சணையைப் பேசியவர் யார்? நிலம் பிரிந்துவிடும் என்று அஞ்சியவர் யார்? மூன்றாவது பெண்ணைப் பெற்றவளுக்குச் சோறு போடக் கசந்தவர் யார்? குடிசை வீட்டில் மட்டுமன்று, தோட்டமும் கிணறும் உடைய வீடுகளிலும் இது நடந்தது என்பதை இந்தப் பகுதியில் வாழும் எவரும் அறிவர். குற்றம் வீட்டின் குற்றம். பழி மட்டும் பாயில் கிடந்தவளுக்கு.

விடுதலைப் பயண நூலின் தொடக்கத்தில் சிப்ரா, பூவா என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி மன்னன் ஆணையிட, அவர்கள் கீழ்ப்படிய மறுத்தார்கள். அந்த மன்னனின் பெயரை நூல் சொல்லவில்லை, மருத்துவச்சிகளின் பெயரைச் சொல்கிறது. பேறு பார்க்கும் பெண்ணின் துணிவு ஓர் இனத்தின் வரலாற்றையே மாற்றியது என்று படிக்கிற நாம், நம் ஊர்களில் பேறு பார்த்த தாழ்த்தப்பட்ட பெண்களை என்ன செய்தோம்? கொல்லும் வேலையையும் பல இடங்களில் அவர்கள் கையிலேயே கொடுத்தோம். கூலியாகச் சேலையும் நெல்லும் கொடுத்தோம். பழியையும் பிறகு அவர்களிடமே விட்டோம்.

காலம் மாறியது. கள்ளிப்பாலின் இடத்திற்கு ஸ்கேன் வந்தது. அதைத் தடுக்க 1994-இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. அண்டை மாவட்டமான தருமபுரியில் 1990-களின் இறுதியில் டேனிடா உதவியுடன் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று வீதி நாடகம் போட்டன. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தார்கள். 2011-இல் அது 916 ஆக உயர்ந்தது. மாநில சராசரியான 943-ஐ எட்டவில்லை எனினும் இது பெரிய முன்னேற்றம்தான். இந்த எண்ணைச் சுட்டிக்காட்டி, சிக்கல் தீர்ந்தது என்று சொல்வோர் பலர். பிழைத்த குழந்தைகளை எண்ணியது இந்தக் கணக்கு. பெற்றவளின் நிலையை அளக்க இதில் கட்டம் ஏதும் இல்லை.

அவள் நிலை என்ன என்பதை 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இராசிபுரம் நமக்குச் சொன்னது. ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் பச்சிளம் குழந்தைகளை விலை பேசிய தொலைபேசி உரையாடல் வெளியாகி, தமிழகம் முழுவதும் ஒலித்தது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, சிவப்பாக இருந்தால் கூடுதல் விலை. கைதுகள் நடந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், திருச்செங்கோட்டில் அரசு மருத்துவர் ஒருவரும் இடைத்தரகர் ஒருவரும் பிறந்த குழந்தையை விற்க ஏற்பாடு செய்த குற்றச்சாட்டில் கைதாயினர். பேசப்பட்டது ஒரு குடும்பத்தின் மூன்றாவது குழந்தை, பெண் குழந்தை. அன்று கேட்பாரற்றுச் செத்த பெண் குழந்தைக்கு இன்று இலட்சக் கணக்கில் விலை. இதையும் முன்னேற்றம் என்பார் உண்டோ?

இச்செய்திகளைப் படித்தவர்கள் வழக்கம்போல் இரண்டு பேரைத் திட்டினார்கள்: தரகரை, பிறகு தாயை. தரகரைத் திட்டுங்கள், தண்டனையும் பெற்றுத் தாருங்கள். ஆனால் தரகரின் தொழில்முறையைச் சற்றே உற்றுநோக்க வேண்டுகிறேன். எந்தத் தெருவில் எந்தப் பெண் மூன்றாம் முறை, நான்காம் முறை கருவுற்றிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய கணவன் எவரிடம் கடன் பட்டிருக்கிறான் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவள் வாசலில் போய் அமர்ந்து, 'உனக்கு என்ன கஷ்டம் கண்ணு' என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனைக்கு உடன் செல்லவும், படுக்கையருகே நிற்கவும், செலவுக்குப் பணம் தரவும் வேண்டும். ஆக, கருவுற்ற ஓர் ஏழைப் பெண்ணுக்குச் சமூகம் செய்திருக்க வேண்டிய அத்தனையையும் தரகர் செய்தார். விலையாகக் குழந்தையைக் கேட்டார். அந்த இடம் காலியாக இருந்ததால்தான் அவரால் அங்கே அமர முடிந்தது. காலியாக விட்டவர்கள் யார் என்பதுதான் என் வழக்கு.

அரசு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தாய்சேய் நலத்தில் தமிழ்நாடு இந்தியாவிற்கே முன்மாதிரி என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயல். இங்கே ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில்தான் நிகழ்கின்றன. 2018-20 காலத்திற்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு 54. அகில இந்திய அளவில் அது 97. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கிய மகப்பேறு உதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. பேறுகால அறையில் தாய்க்கு உறவுப்பெண் ஒருத்தி துணையிருக்கலாம் என்ற ஏற்பாட்டையும் 2004-ஆம் ஆண்டிலேயே நம் அரசு மருத்துவமனைகள் தொடங்கின.

ஆனால் இந்த நல்ல வலையில் எந்தக் கண் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். மகப்பேறு உதவி முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே; பத்தொன்பது வயது நிரம்பியவருக்கு மட்டுமே. பதினேழு வயதில் தாலி கட்டப்பட்டுக் கருவுற்றவளுக்கு அது இல்லை. அவள் மருத்துவமனைக்குப் போனால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் போகும் என்பதால், வீட்டார் அவளை மறைக்கிறார்கள். மூன்றாம் முறை கருவுற்றவளுக்கும் அந்த உதவி இல்லை. அவளுக்குக் கிடைப்பது ஏச்சு. 'இரண்டோடு நிறுத்தத் தெரியாதா, வெட்கமில்லையா' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு, கிராம சுகாதார செவிலியர் தெருமுனையில் வருவதைக் கண்டதும் கொல்லைப்புறமாகப் போய்விடுகிற பெண்கள் இருக்கிறார்கள். செவிலியரையும் குறைசொல்ல மனம் வரவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர் என்பது அரசு வகுத்த அளவு. பதிவேடு, கணினி, பிக்மி எண், தடுப்பூசி, குடும்பநல இலக்கு என்று அத்தனையும் ஒரே ஆளின் தலையில். ஒருத்தியின் அருகே அரைமணி நேரம் அமர அவருக்கு ஏது பொழுது?

இனி அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் முன்பணம் வாங்கிய குடும்பத்தோடு விசைத்தறிக் கொட்டகையில் இருக்கிறாள். செங்கல் சூளையில் இருக்கிறாள். சூளை மாறும்போது ஊர் மாறுகிறாள், ஊர் மாறும்போது பதிவேட்டிலிருந்து விழுந்துவிடுகிறாள். அருந்ததியர் குடியிருப்பில் இருக்கிறாள். அங்கே ஊட்டச்சத்துப் பெட்டகம் வந்து சேரலாம், ஊர்த்தெருப் பெண் வந்து அமர்வது அரிது. அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடக்கிறது. கைநிறைய வளையலும் ஐந்துவகைச் சோறும், ஒரு புகைப்படமும். நல்ல நிகழ்ச்சிதான். மறுநாள் காலையில் அவளுக்குத் தலை சுற்றினால் யாரிடம் சொல்வாள் என்பதற்கு அந்தப் புகைப்படத்தில் விடை இல்லை.

அவளோடு இருக்கத் தகுந்தவர், அவள் நிலையில் இருந்து மீண்ட இன்னொரு பெண் என்பதே என் கட்சி. மேலிருந்து அறிவுரை சொல்ல வருபவரை நான் கருதவில்லை. அதே தெருவில், அதே சாதியில், அதே வறுமையில் பெற்றுப் பிழைத்தவளைக் கருதுகிறேன். இது உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குவோருக்காக ஒரு சான்று.

ஜார்க்கண்டு, ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மாவட்டங்களில் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை ஓர் ஆய்வு நடத்தியது. பிரசாந்த திரிபாதி, நிர்மலா நாயர் என்ற இரு மருத்துவர்கள் நிறுவிய அமைப்பு அது. அவர்கள் புதிய மருத்துவமனை கட்டவில்லை, மருந்து வழங்கவில்லை. அந்தந்த ஊர்ப் பெண் ஒருத்திக்குப் பயிற்சி தந்து, மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டிப் பேசவைத்தார்கள். கூட்டத்தில் நடந்தது சொற்பொழிவும் அன்று. நம் ஊரில் எந்தக் குழந்தை எதனால் இறந்தது, எந்தத் தாய்க்கு எதனால் உதிரம் நிற்கவில்லை என்று படங்களை வைத்துக்கொண்டு கதையாகச் சொல்வார்கள். இவற்றில் எதை நாமே தடுக்கலாம் என்று தாங்களே தேர்ந்துகொள்வார்கள். ஓர் ஊரில் அவசரத்திற்கு வண்டிப் பணம் சேர்ப்பார்கள். இன்னோர் ஊரில் பேற்றுக்குத் தூய்மையான பொருள்களைத் தயாராக வைப்பார்கள். இருபது கூட்டங்கள், அவ்வளவே. 2010-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் முடிவை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் பச்சிளம் குழந்தை இறப்பு, இக்கூட்டங்கள் நடவாத பகுதிகளைவிட 32 விழுக்காடு குறைந்திருந்தது. இதைவிட என்னை நிறுத்தியது வேறு இரண்டு எண்கள். மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மிதமான மனச்சோர்வு 57 விழுக்காடு குறைந்தது. பின்னர் செய்த பகுப்பாய்வில், மிகவும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களில்தான் குழந்தை இறப்பு அதிகமாகக் குறைந்திருந்தது தெரிந்தது: அவர்களிடையே 59 விழுக்காடு, ஓரளவு நிலை கொண்டவரிடையே 36. பொதுவாக எந்த நலத்திட்டமும் வசதியுள்ளவனைத்தான் முதலில் எட்டும். இங்கே கடைசியில் நின்றவள் முதலில் பயன் பெற்றாள். பேசியவள் அவளுடைய ஆள் என்பதே காரணம் என்று நான் நம்புகிறேன்.

வடக்கே நடந்தது இங்கே நடக்குமா என்று கேட்போருக்கு நாமக்கல் மண்ணிலேயே விடை உண்டு. நாமக்கல்லின் லாரிகள் இந்தியா முழுதும் ஓடுகின்றன. 1986-இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்று, சில ஆண்டுகளில் லாரித் தொழிலாளர் வழியே இந்த மாவட்டத்தின் வீடுகளுக்கும் வந்தது; வீட்டைவிட்டு வெளியே போகாத மனைவிமாருக்கும் வந்தது. அவர்களுள் ஒருவர் பெரியசாமி கௌசல்யா. 1990-களின் நடுவில் மணமாகி, லாரி ஓட்டுநரான கணவர் வழியே தொற்றுப் பெற்றவர். ஊர் வாயை மூடச் சொன்ன காலத்தில், தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பொதுவெளியில் பேசினார். 1998-இல் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துச் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அன்று தொற்றுள்ள ஒருத்தி கருவுற்றால், கலைத்துவிடு என்பதுதான் அவள் காதில் விழுந்த முதல் அறிவுரை. வலி கண்டு வந்தவளைத் தொட அஞ்சிய மருத்துவமனைகள் இருந்தன.

மருத்துவம் அதன்பின் வளர்ந்தது. சிகிச்சை இல்லையேல் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு; முறையான கூட்டு மருந்தால் அதை 5 விழுக்காட்டிற்கும் கீழே கொண்டுவரலாம் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். தொற்றுள்ள கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் வாழ்நாள் முழுதும் மருந்து என்பதை 2014 முதல் இந்தியா ஏற்றது. மருந்து இலவசம். ஆனால் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை எங்கே வைப்பது? பாலூட்டலாமா? கணவன் இறந்தபின் சொத்தில்லை என்று துரத்தினால் எந்தப் படியேறுவது? இவற்றுக்கு மருந்துச் சீட்டில் விடை இராது. அதே மாத்திரையை அதே வீட்டில் மறைத்து வைத்துத் தின்று, தொற்றில்லாத குழந்தையைப் பெற்று, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும் இன்னொருத்தியே அந்த விடை. நம்பிக்கை மையத்து ஆலோசகர் ஒரு மணி நேரம் சொல்லி விளங்காதது, அந்தக் குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். ஊரால் மிக அதிகமாக ஒதுக்கப்பட்ட பெண்களே இதைச் செய்துகாட்டினார்கள்.

இவ்வாறு கூடுவதற்குப் புதிதாகக் களம் தேட வேண்டியதும் இல்லை. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் தொடங்கி, விரைவிலேயே சேலத்திற்கும் வந்தது மகளிர் சுயஉதவிக் குழு. தமிழகத்தில் அந்த இயக்கம் பிறந்ததே நம் பகுதியில்தான் எனலாம். இன்று குழு இல்லாத தெரு இல்லை. ஆனால் என்ன பேசுகிறார்கள்? தவணை பேசுகிறார்கள். யார் கட்டவில்லை, யார் பொறுப்பேற்பது, அடுத்த கடன் யாருக்கு என்று கணக்குப் பேரேட்டோடு கூட்டம் முடிகிறது. அதன் பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வந்து, அந்த வட்டத்தையே வசூல் கருவியாக்கிவிட்டன. இருபது பெண்கள் வட்டமாக அமர்ந்திருக்கும் இடத்தில், அவர்களுள் ஒருத்திக்கு ஏழாம் மாதத்தில் கால் வீங்கியிருப்பதை எவரும் கேட்பதில்லை. அவள் தவணையை மட்டும் கேட்கிறார்கள்.

நம் அன்பியங்கள் எப்படி? இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். செபமாலை சொல்கிறோம், விவிலியம் வாசிக்கிறோம், தேநீர் அருந்திக் கலைகிறோம். அன்னை மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வை ஆண்டுதோறும் மே 31 அன்று கொண்டாடுகிறோம். அந்நிகழ்வைப் பக்தி நீக்கிச் சற்றே பாருங்கள். மணமாகுமுன் கருவுற்று ஊர்ப்பேச்சுக்கு அஞ்ச வேண்டிய இளம்பெண் ஒருத்தி. பெறும் வயது கடந்து கருவுற்று ஐந்து மாதம் மறைந்திருந்த முதியவள் ஒருத்தி. இருவர் நிலையும் ஊர் வழக்கத்திற்கு மாறானது. இளையவள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் என்கிறார் லூக்கா. வாழ்த்தையும் பாடலையும் நாம் எடுத்துக்கொண்டோம். அந்த மூன்று மாதத்தை விட்டுவிட்டோம்.

கருக்கலைப்புக்கு எதிராக நம் திருச்சபை உரக்கப் பேசுகிறது. அந்தக் குரலோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் கலைக்காதே என்று ஒருத்தியிடம் சொல்பவர், பெற்றபின் அவளோடு எத்தனை நாள் இருக்க ஆயத்தமாக இருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டம்கூட நம்மைவிடக் கனிவாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, வளர்க்க இயலாத குழந்தையைப் பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம், குற்றமில்லை. ஒப்படைத்த பிறகும் மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. இந்தச் செய்தி நம் பங்குகளில் எத்தனை பெண்களுக்குத் தெரியும்? தெரிந்தாலும், அந்த அறுபது நாள்களில் அவளோடு பேருந்தில் ஏறி மாவட்ட அலுவலகத்திற்குப் போய்வர ஓர் ஆள் வேண்டாமா? தரகர் வருவார், அவருக்கு வண்டி உண்டு.

இரண்டு எதிர்வாதங்களை அறிவேன். படிப்பறியாப் பெண்கள் கூடினால் மூடநம்பிக்கைதான் பரவும் என்பது ஒன்று. மகாராட்டிர மாநிலத்து ஜாம்கேட்டில் 1970 முதல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதியர் இதற்கு விடை தந்துவிட்டார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த அவர்கள், எழுத்தறியாத, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்களையே ஊர்நலப் பணியாளராகப் பயிற்றினார்கள். அப்பெண்கள் பேறு பார்த்தார்கள், கருவுற்றவரின் அபாயக் குறிகளை முன்கூட்டியே அறிந்து அனுப்பினார்கள். இவர்களைத் தீண்டத்தகாதவர் என்ற வீடுகளே வலி கண்டதும் இவர்களைத் தேடி வந்தன. மூன்றாவது குழந்தைக்காரிக்குத் துணைபோனால் கட்டுப்பாடின்மையை ஊக்குவிப்பதாகாதா என்பது இரண்டாவது. அருகில் ஒருவருமின்றி அஞ்சிக் கிடப்பவள்தான் அடுத்ததையும் சுமக்கிறாள். கணவனிடம் மறுக்கவும், இடைவெளி கேட்கவும், மருத்துவரிடம் வாய்திறக்கவும் அவளுக்குத் தைரியம் பக்கத்துப் பெண்ணிடமிருந்தே வரும். வசையிலிருந்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒன்றை மட்டும் எச்சரித்தாக வேண்டும். பங்கின் வசதியான வீட்டுப் பெண்கள் கூடி, ஞாயிறு மாலை குடியிருப்புக்குப் போய்ச் சேலையும் சத்துமாவும் கொடுத்துத் திரும்புவதை நான் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்த மரபு நம்மிடம் உண்டு. அந்த மரபோடு ஒருவர் படியேறி வந்தால், படுத்திருப்பவள் எழுந்து நிற்பாள், வாய்திறக்க மாட்டாள். குடியிருப்பிலேயே பெற்று வளர்த்த இரண்டு பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சியும் பேருந்துக் கட்டணமும் தொலைபேசிச் செலவும் தந்து, அவர்கள் கூட்டத்தை அவர்களே நடத்தவிடுவதே பங்கின் வேலை. அவர்கள் கிறித்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்தத் தெருவில் கருவுற்ற எவளும் அவர்கள் பொறுப்பு. கிராம சுகாதார செவிலியருக்கு அவர்கள் போட்டியல்லர். அவர் பதிவேட்டிலிருந்து விழுந்துபோனவளைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள். மூன்றாம் பேற்றுக்கும் பத்தொன்பது வயதுக்குட்பட்டவளுக்கும் உதவித்தொகையை மறுக்கும் விதியை மாற்றச் சொல்லிச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்கும் வேலை மட்டும் நம்முடையது; அதை அவர்கள் தலையில் வைக்க வேண்டாம்.

செலவுக்கு எங்கே போவது என்று பங்குப் பேரவையில் கேட்பார்கள். சென்ற திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு அங்கேயே இருக்கும். வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் எழுதிய தொகையைப் படிக்கச் சொல்லுங்கள். இராசிபுரத்திலிருந்து நாமக்கல் அரசு மருத்துவமனைக்கு இரண்டு பேர் போய்வரும் பேருந்துக் கட்டணத்தால் அதை வகுத்துப் பாருங்கள்.